கண்மட்டம்

...ஆனால் அந்தச் சமையலறை ஜன்னலில் இருந்து தெரிவது கார் கொட்டகைகளின் தகரச் சுவர்தானே, அத்தனை வருஷம் அதன் முன்னால் உட்கார்ந்து தேநீர் குடித்தவருக்கு இது தெரியாதா, மழை பெய்தால் தகரம் தடதடக்கும், வெயில் அடித்தால் கண் கூசும், அதைத் தவிர அந்த ஜன்னலால் யாருக்கும் எந்தப் பிரயோசனமும் இருந்ததில்லை, இங்கே என்னடாவென்றால் படத்தில் முற்றம் இருக்கிறது, பனி மூடிய பெஞ்சு இருக்கிறது, எதிர்க் கட்டடத்துக்குப் பின்னால் மலைகூட இருக்கிறது, பக்கத்தில் ஒட்டிய அட்டையிலோ ‘அனார்குல். மதியம், 1987. சமையலறை என்னும் சிறையின் ஜன்னலிலிருந்து ஒரு பெண் கண்ட உலகம்’ என்று மூன்று மொழிகளில் போட்டிருக்கிறது, மூன்றிலும் சிறை மட்டும் தடித்த எழுத்தில். சமையலறை சிறை என்றால் சிறை அதிகாரி யார்... ஜுமகதிர் சுற்றுமுற்றும் பார்த்தார். வேறு யார் இருக்கிறார்கள், அனார்குலுக்கு ஒரே கணவர்தானே, அது அவர்தானே. கூடத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் அவரைக் கனிவாகத்தான் பார்த்தார்கள், அதுதான் இன்னும் மோசம், திருந்திய குற்றவாளியைப் பார்க்கிற கனிவு அது.

மார்ச் எட்டாம் தேதி, மகளிர் தினம் என்றால் பிஷ்கெக் நகரத்தில் ஒவ்வொரு பெண் கையிலும் ஒரு துலிப் பூ இருக்கும், ஒவ்வொரு மேடையிலும் ஒரு துணை அமைச்சர் இருப்பார். இங்கிருந்த துணை அமைச்சர் ‘தாய்’ என்று சொல்லிவிட்டு நிறுத்தினார், கைதட்டினார்கள், ‘அடுப்பின் சுடர்’ என்று நிறுத்தினார், தட்டினார்கள், ஓவியம் என்ற சொல் இன்னும் வரவில்லை, வந்துவிடும், பேச்சு நீளமானதுதான். ஐந்து பெண் ஓவியர்களின் கண்காட்சி, ஐவரும் காலமானவர்கள், உயிரோடு இருப்பவர்கள் என்றால் எந்தச் சுவர் யாருக்கு என்று சண்டை வரும் என்று கண்காட்சியை அமைத்த பெகாயிம் தொலைபேசியில் சொல்லியிருந்தாள், நியாயம்தான், செத்தவர்கள் இடம் கேட்பதில்லை. ஆனால் மரியாதை அங்கியை யாருக்காவது போர்த்த வேண்டுமே, வெல்வெட்டில் தங்கச் சரிகை போட்ட அங்கியை வாங்கியாகிவிட்டது, போர்த்தாமல் விழா முடியாது, ஆகவே அனார்குலுக்கு உரியதைக் கொண்டுவந்து ஜுமகதிருக்குப் போர்த்தினார்கள், சிறையைக் கண்டித்து நடக்கிற விழாவில் முதல் மரியாதை சிறை அதிகாரிக்கு. ‘அக்சகால், நீங்க இல்லாம அவங்க ஏது’ என்றார் துணை அமைச்சர், வெண்தாடிப் பெரியவரே என்று அர்த்தம், ஜுமகதிர் காலையில்தான் சவரம் செய்திருந்தார். அங்கி ஒரு மல்யுத்த வீரனுக்குத் தைத்தது போலிருக்கிறது, கைகள் உள்ளேயே காணாமல் போயின.

பெகாயிம் காதருகே வந்தாள். “அடுத்து நீங்கதான் ஐயா. பெருசா ஒண்ணும் வேணாம். அந்த ஜன்னல்கிட்ட நின்னுதான் வரைஞ்சாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க போதும், டிவிக்காரங்க காத்துக்கிட்டிருக்காங்க.” ஒரு வார்த்தைதான். ஆமாம் என்றால் ஊர் முழுக்க அவர் சிறை அதிகாரி. இல்லை என்றால்... அப்போ எங்கே நின்று வரைந்தாள் என்று கேட்பார்கள், அதற்கு அவரிடம் என்ன பதில் இருக்கிறது, அவரே இப்போதுதான் முதல் தடவையாக இந்தப் படத்தைப் பார்க்கிறார், சோபாவுக்கு அடியில் சுருட்டிக் கிடந்ததை எல்லாம் மகள் நூர்சாத் எடுத்துப் போகும்போது அவர் செய்தித்தாளில் இருந்து தலையைத் தூக்கி, சரி சரி என்றார், அவ்வளவுதான். கற்பனை என்று சொல்லிவிடலாமா? ஓவியர்கள் கற்பனை செய்வார்கள்தானே... ஆனால் கோடுகள், இந்தக் கோடுகள். பாலிடெக்னிக்கில் ஆயுள் முழுக்க வரைபடக் கணிதம் சொல்லிக்கொடுத்தவர் அவர், அனார்குல் வரைந்த வீடுகளைப் பார்த்து, உன் கூரை எல்லாம் சறுக்குது, யாராவது விழுந்து தொலைக்கப் போறாங்க என்பார், அவள் தூரிகையைக் கழுவிக்கொண்டே, நீங்க ஏறாம இருந்தாச் சரி என்பாள். இதில் ஒரு கூரைகூடச் சறுக்கவில்லை. எல்லாக் கோடுகளும் ஓடிப்போய் ஒரே மட்டத்தில் சேர்கின்றன, அந்த மட்டம் எதிர்க் கட்டடத்தின் நாலாவது மாடி ஜன்னல்களைத் தொட்டுக்கொண்டு போகிறது, அப்படியென்றால் வரைந்தவளின் கண்ணும் அதே உயரத்தில் இருந்திருக்கிறது, இதைக் கற்பனையில் கொண்டுவர முடியாது, அளவுகோலைக் கையில் கொடுத்தும் அவருடைய மாணவர்களுக்கு வந்ததில்லை. அவர்கள் இருந்ததோ தரைத்தளம்.

அவர்கள் கட்டடத்தின் நாலாவது மாடியில் யார் இருந்தார்கள்... பியானோ சொல்லிக்கொடுத்த ருஷ்யக்காரி, அவள் தன் வீட்டுக்குள் பூனையைத் தவிர யாரையும் விடமாட்டாள். பல் வைத்தியர் காசிமலி, மனைவி இல்லாதவர், வாய் நிறையத் தங்கப் பல், சிரித்தால் விளக்குப் போட்ட மாதிரி இருக்கும். அனார்குலுக்கு அந்த வருஷம் கடைவாயில் வலி இருந்ததே, அடிக்கடி மேலே போனாளே... ஜுமகதிருக்கு அங்கிக்குள் வியர்த்தது. ஆனால் அந்தக் கடைவாய்ப் பல் கடைசிவரை சொத்தையாகத்தானே இருந்தது, இது நிம்மதிப்பட வேண்டிய விஷயமா, கவலைப்பட வேண்டிய விஷயமா? மனைவியின் நினைவு விழாவில் சரிகை போட்டுக்கொண்டு, எப்போதோ செத்துப்போன ஒரு பல் வைத்தியர் மேல் பொறாமைப்படுகிற கிழவன், இதைப் படம் எடுத்துப் போடட்டும் டிவிக்காரர்கள். இல்லை, இன்னொரு வீடும் இருந்தது, சைபீரியாவுக்கு எண்ணெய் வேலைக்குப் போன குடும்பத்தினுடையது, பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்ற யாரிடமோ சாவி கொடுத்துவிட்டுப் போனார்கள், யாரிடம்... சாப்பிடும்போது அனார்குல் சாவி என்று ஏதோ சொன்ன ஞாபகம், அவர் செய்தித்தாளைத் திருப்பினார், அவள் பேச்சை வேறு எதற்கோ மாற்றிவிட்டாள். மறைத்தாளா, இல்லை சொல்லி முடிக்க இடம் கிடைக்கவில்லையா?

அப்போதுதான் பெஞ்சுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நடந்து போவதைக் கண்டார். கட்டைவிரல் நகம் அளவுதான் இருப்பான், கையில் தோல் பை, பனியில் வழுக்காமல் பாதம் பதித்துப் பதித்து மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிறான். இது... இது அவரே அல்லவா. உடனே ஒரு கதவு திறந்த ஞாபகம் வந்தது, ஒரு நாளின் கதவு அல்ல, எல்லா நாளும் திறந்த கதவு, அவர் சாவியைத் தேடுவதற்குள் அனார்குல் திறந்து விடுவாள், மூச்சு வாங்கும், கன்னம் சிவந்திருக்கும், நான் வீட்டுக்குப் போனா என் பெண்டாட்டிக்கு மூச்சே நின்னுடும் என்று பாலிடெக்னிக் முழுக்கச் சொல்லித் திரிந்திருக்கிறார், சக ஆசிரியர்கள் பொறாமையில் வெந்திருக்கிறார்கள்... நாலு மாடி. நாலு மாடிப் படிக்கட்டும் இறங்கி ஓடி வந்த மூச்சு அது.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒலிபெருக்கி அவர் வாய்க்கு உயரமாக இருந்தது, யாரோ தாழ்த்தினார்கள், பெகாயிம் கண்ணாலேயே ஜன்னலைக் காட்டினாள்.

“ஆமா,” என்றார். “எங்க வீட்டு ஜன்னல்தான்.”

கூடம் ஒரு பெருமூச்சு விட்டது, துணை அமைச்சர் கைக்குட்டையைத் தேடினார், பெகாயிமின் முகத்தில் ஒரு கட்டுரை எழுதி முடித்த நிறைவு. கீழே இறங்கியதும் நூர்சாத் அங்கியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“என்னப்பா இது? நம்ம ஜன்னல்ல தகரம்தான தெரியும்?”

“தெரியும்.”

“அப்புறம் எதுக்கு ஆமான்னீங்க? எல்லாரும் உங்களத்தான் திட்டப் போறாங்க.”

“திட்டட்டும். உங்கம்மாவே சொல்லல. நான் யாரு சொல்றதுக்கு?”

நூர்சாத் அப்பாவின் மேல் அங்கியைச் சரியாக இழுத்துவிட்டாள், அவளுக்கு ஏதாவது தெரியுமா, கேட்கலாம்தான், ஆனால் இப்போது அவருக்கு அது முக்கியமாகப் படவில்லை, கூட்டம் எண்ணெயில் பொரித்த போர்சோக்கும் தேநீரும் இருந்த மேசைப் பக்கம் நகர்ந்துவிட்டது, அவர் மறுபடியும் படத்துக்கு முன்னால் வந்து நின்றார், கண்ணாடியைக் கழற்றினார், போட்டார். அந்த ஆளின் தொப்பியில் ஒரு காது மடல் தொங்குகிறது, ஒன்று மேலே தூக்கியிருக்கிறது, அப்படியா போவார் அவர், பை இடது கையில், வலது தோள் கொஞ்சம் இறங்கி, யாரும் அவரிடம் சொன்னதில்லையே, ஒரு தடவை எட்டிப் பார்த்து வரைகிற விஷயமல்ல இது, ஒரு நாள் தொப்பி, ஒரு நாள் தோள், ஒரு நாள் அந்த நடை, கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்துச் சேர்த்திருக்கிறாள், பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, அவர் வாசலுக்கு வந்துவிடப் போகிறாரே என்று கடைசி நொடியில் படியிறங்கி ஓடியிருக்கிறாள். அப்படிப் பார்க்க அவரிடம் என்ன இருந்தது? முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாயம் ஒரு சொட்டுதான், குனிந்து தரையைப் பார்க்கிறான், வழுக்கக் கூடாதே என்ற ஒரே கவலை. ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவன் தலையைத் தூக்கி மேலே பார்த்திருந்தால்... அவள் கையசைத்திருப்பாளா, இல்லை சட்டென்று ஜன்னலை விட்டு உள்ளே நகர்ந்திருப்பாளா...