நடுவில் வரும் வார்த்தை

நாத்தனார் வாயால் அண்ணிக்கு நல்ல பெயர் கிடைப்பது அபூர்வம். அதனால் நான் சொல்லப்போவதை நீங்கள் தாராளமாக நம்பலாம்.

என் அண்ணி தீபலட்சுமிக்கு ஒரு பைத்தியம் இருந்தது. பைத்தியம் என்றுதான் நான் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். போனில் டைப் செய்யும்போது, அடுத்து என்ன வார்த்தை போடலாம் என்று போனே மூன்று வார்த்தைகளை வரிசையாகக் காட்டும் அல்லவா, பைத்தியம் அதில்தான். அண்ணி முதலில் 'நாளைக்கு' என்று அடிப்பாள். பிறகு எதையும் யோசிக்காமல் நடுவில் வருகிற வார்த்தையையே தட்டிக்கொண்டு போவாள். இருபது தட்டு, இருபது வார்த்தை. நாளைய செய்தி அதற்குள் இருக்கிறதாம். கண்டுபிடிக்க வேண்டியதுதான் பாக்கியாம்.

முதலியார்பேட்டையில் ஒரே வீட்டில் இருக்கிறோம், தட்டாஞ்சாவடியில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறோம். மருந்து பாட்டிலுக்கு மூடி செய்கிற சின்னக் கம்பெனி. ஆறு மெஷின், நாற்பத்தோரு பெண்கள். காலையில் கம்பெனி வேனில் ஏறி உட்கார்ந்ததும் அண்ணி போனை எடுப்பாள். வேனில் இருக்கும் பதினாலு பேரும் கப்சிப் என்று ஆகிவிடுவார்கள்.

ஒரு நவம்பரில் 'நாளைக்கு மழை லீவு விட்டாங்க பாப்பா ஸ்கூல் போகல' என்று வந்தது. மறுநாள் பள்ளிகளுக்கு விடுமுறை. வேனே ஆடிப்போய்விட்டது. "நவம்பர்ல பாண்டிச்சேரியில மழை பெய்யாம பின்ன வெயிலா கொளுத்தும்?" என்று நான் கேட்டேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். அண்ணி ஏமாற்றுக்காரி இல்லை. பழைய டைரி ஒன்றில் தினமும் எழுதி வைப்பாள். பலித்ததற்கு டிக், பலிக்காததற்கு இன்டூ. இன்டூதான் பக்கம் பக்கமாக இருக்கும். தன் தப்பைத் தானே எழுதி வைக்கிற ஜோசியக்காரனை நான் இதுவரை பார்த்ததில்லை. இருந்தாலும் அப்போது நான் அதை அவளிடம் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

போன வருஷம் அவள் போன் துணி ஊறவைத்த பக்கெட்டில் விழுந்து ரிப்பேருக்குப் போனது. ஒரு வாரத்துக்கு என் போனை வாங்கித் தட்டினாள். வேனில் எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள்: 'நாளைக்கு எனக்கு லீவு வேணும் சார் உடம்பு சரியில்ல சார் உடம்பு சரியில்ல சார்.'

வேன் முழுக்கச் சிரிப்பு. டிரைவர்கூடச் சிரித்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. நெல்லித்தோப்பு சிக்னல் வரைக்கும் என் போனையே பார்த்துக்கொண்டு வந்தவள், பின்சீட்டுப் பக்கம் திரும்பினாள். "சின்னப்பொண்ணக்கா, உங்க போன குடுங்க."

சின்னப்பொண்ணு அக்கா வைத்திக்குப்பத்துக்காரர். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். அவர் போனில் வந்தது வேறு மாதிரி இருந்தது: 'நாளைக்கு போட்டு யாரும் எடுக்கல டீசல் வெல பேசணும் எல்லாரும் வாங்க.' மூன்றாம் நாள் மாலைப் பேப்பரில் செய்தி வந்தது, படகுகளைக் கரையில் நிறுத்திவிட்டு மீனவர்கள் போராட்டம் என்று.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணி சொன்னாள். "செல்வி, நாளைக்கு நடக்கப்போறத போன் சொல்லலடி. அத புடிச்சிருக்கற கை நேத்து இன்னா அடிச்சுதோ அதத்தான் திருப்பிச் சொல்லுது. மெஷினுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா பேப்பர்காரனுக்கு முந்தி ஜனங்களுக்குத் தெரிஞ்சிடுது பாரு."

நான் பி.காம். படித்தவள். அண்ணி பத்தாவதோடு நின்றவள். இத்தனை நாள் கிண்டல் செய்த எனக்கு இது தோன்றவில்லையே என்று எரிச்சல் வந்தது. எரிச்சலோடு கொஞ்சம் பெருமையும் வந்தது, அதை உடனே விழுங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் பதினாலு போன்களும் அவள் மடிக்கு வரும். ஒரே வார்த்தை மூன்று போனில் வந்தால்தான் டைரியில் ஏறும். யார் போனில் என்ன அந்தரங்கம் வந்தாலும் வாய்விட்டுப் படிக்க மாட்டாள், அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். மூன்று போனில் 'பஸ்' வந்த வாரம் தனியார் பஸ்கள் ஓடவில்லை. நாலு போனில் 'காய்ச்சல்' வந்து பத்து நாள் கழித்துத்தான் தெருத்தெருவாக மருந்து அடிக்க ஆள் வந்தது. டைரியில் டிக் கூடிக்கொண்டே போனது.

இந்த ஜூலையில் பதினோரு போனில் ஒரே வார்த்தை வந்தது. 'மூடிடுவாங்களா.'

கம்பெனியில் இரண்டு மெஷின்கள் மூன்று வாரமாகச் சும்மா நின்றன. முதலாளி சென்னைக்காரர், போனைக்கூட எடுப்பதில்லை. மேனேஜர் புருஷோத்தமன் சாரைக் கேட்டால், "ஆர்டர் கம்மிம்மா, வேற ஒண்ணுமில்ல" என்று தரையைப் பார்த்துச் சொல்வார். எங்கள் வீட்டில் அண்ணன் இளம்பரிதி ஏணியிலிருந்து விழுந்து கால் உடைந்து படுத்திருந்தார். நானும் அண்ணியும் கொண்டுவருவதுதான் வீட்டுக்குச் சோறு. வேனில் இருந்த மற்றவர்கள் கதையும் ஏறக்குறைய இதுதான்.

பதினோரு போனைப் பார்த்துவிட்டு வேனில் இரண்டு பேர் அழவே ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணி அதட்டினாள். "எதுக்கு அழுவறீங்க? இது சேதி இல்ல, நம்ம பயம். நாமதான் ராத்திரி பகலா ஒருத்தருக்கொருத்தர் மெசேஜ் அடிச்சிக்கறோம், அதான் வருது. சேதி தெரிஞ்ச கை வேற." டைரியில் அந்த வார்த்தையை அவள் ஏற்றவில்லை. ஆனால் என்னிடம் தனியாகச் சொன்னாள், "மெஷின் உள்ள இருக்கற வரைக்கும் பேசலாம் செல்வி. மெஷின் போயிடுச்சுன்னா வெறும் ஷெட்டுகிட்டயா போய்ப் பேசறது?"

சேதி தெரிந்த கை தானாகவே எங்களைத் தேடி வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தோம். புருஷோத்தமன் சார் வந்தார். ஒரு வாரமாகச் சவரம் செய்யாத முகம். எதையாவது பேசிச் சிரித்தால் தேவலை என்று வந்தவர் மாதிரி இருந்தது.

"இன்னாம்மா தீபலட்சுமி, ஊருக்கெல்லாம் ஜோசியம் பாக்கறியாமே. எனக்கும் பாரு," என்று போனைத் திறந்து நீட்டினார்.

அண்ணி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். 'நாளைக்கு' என்று அடித்தாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றேன். நடு வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன: 'நாளைக்கு லாரி ஞாயிறு காலை ஆறு மெஷினும் ஏத்திடலாம் சார் லேடீஸ் யாரும் வர மாட்டாங்க சார்.'

அண்ணியின் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "நாளைக்கு வீட்டுக்கு சீக்கிரம் வரேன் பிரியாணி வாங்கிட்டு வரேன்," என்று படித்தாள்.

"பிரியாணியா! எங்க வீட்ல முட்டைகூட வாங்க மாட்டாங்கம்மா," என்று அவர் சிரித்தார்.

"இருங்க சார், சரியா வரல. இன்னொரு தடவ பாக்கறேன்." இந்த முறை 'சார்' என்று ஆரம்பித்தாள். 'சார் கொஞ்சம் யோசிங்க சார் நாப்பது குடும்பம் சார் பாவம் சார் எனக்காவது ஒரு வேலை குடுங்க சார் பொண்ணு காலேஜ் சார்.'

அண்ணி அதை ஒரு நொடி பார்த்தாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போனைக் கொடுத்தாள். "உங்க போனுக்கு ஜோசியம் வரல சார்," என்றாள். அவர் போய்விட்டார்.

"பாத்தியா, நம்ம மேல லாரிய ஏத்திட்டு தனக்கு மட்டும் வேலை கேக்கறாரு," என்று நான் பல்லைக் கடித்தேன்.

"மொதல்ல நமக்குத்தான கேட்டிருக்காரு. ரெண்டாவதுதான் அவருக்கு," என்றாள் அண்ணி. "லாரிய மட்டும் எல்லார்கிட்டயும் சொல்லு. மத்தது நம்மோட இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நாற்பத்தோரு பேரும் கேட் முன்னால் உட்கார்ந்துவிட்டோம். பிள்ளைகளையும் கூட்டிவந்திருந்தோம். அண்ணன் ஊன்றுகோலோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். லாரிகள் இரண்டும் ஏழு மணிக்கு வந்தன. எங்களைப் பார்த்ததும் டிரைவர்கள் இன்ஜினை அணைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார்கள். பின்னாலேயே முதலாளியின் கார் வந்தது. யாரோ லேபர் ஆபீசருக்கும் சொல்லியிருந்தார்கள், அவரும் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார்.

முதலாளி எங்களைப் பார்க்கவே இல்லை. கேட் ஓரமாக நின்ற புருஷோத்தமன் சாரிடம் நேராகப் போனார். "உனக்கும் எனக்கும் லாரிக்காரனுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. லாரிக்காரனுக்கு இவங்க யாருன்னே தெரியாது. அப்ப நீதான சொன்ன?"

"இல்ல சார். சத்தியமா நான் சொல்லல சார்." ஐம்பத்திரண்டு வயது மனிதர், குரல் நடுங்கியது. நாற்பத்தோரு பெண்களின் கண்ணெதிரிலேயே அவர் வேலை போகப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. சிலர் முகத்தில், நல்லா வேணும் என்று எழுதியிருந்தது. என் முகத்திலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அண்ணி எழுந்தாள். "அவரு சொல்லல சார். என் போன்ல வந்துச்சு."

"யார் அனுப்புனா?"

"யாரும் அனுப்பல. நான் டெய்லி ஜோசியம் பாக்கறவ சார். நாளைக்குன்னு அடிச்சி நடுவுல வர வார்த்தைய தட்டினா நடக்கப்போறது வந்துடும். லாரின்னு வந்துச்சு, மெஷின்னு வந்துச்சு. வந்துட்டோம்."

முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். லேபர் ஆபீசர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். இரண்டு வருஷம் டிக்கும் இன்டூவும் போட்டு, இது ஜோசியம் இல்லை என்று தானாகவே கண்டுபிடித்த பெண், ஊரறிய ஒரு முட்டாளைப் போல நின்றுகொண்டிருந்தாள். என் அண்ணியைப் போல ஒருத்தி இந்த முதலியார்பேட்டையில் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இதெல்லாம் நம்பற மாதிரியா இருக்கு?" என்றார் முதலாளி.

வேறு யாரும் எழுவதற்குள் நான் எழுந்துவிட்டேன். "எங்க அண்ணிக்கு பலிக்கும் சார்," என்று நான் கத்தினேன். "மழை லீவ சொன்னாங்க. போட்டு ஸ்ட்ரைக்க சொன்னாங்க. வேணும்னா யாரையாவது கேளுங்க."

"ஆமா சார்," என்று சின்னப்பொண்ணு அக்கா எழுந்தார். பிறகு வேனே எழுந்தது. நாற்பது பேரும் ஒரே நேரத்தில் பேசினால் எப்படி இருக்கும்! முதலாளி காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "பைத்தியக்காரக் கூட்டம்," என்று முணுமுணுத்தார். புருஷோத்தமன் சாரைப் பற்றிய பேச்சு அத்தோடு விட்டுப்போனது. பேசித் தீர்க்கிற வரைக்கும் ஒரு மெஷினும் வெளியே போகக்கூடாது என்று லேபர் ஆபீசர் அங்கேயே எழுதி, முதலாளியிடம் கையெழுத்து வாங்கினார். லாரிகள் காலியாகத் திரும்பின.

கூட்டம் கலைந்துகொண்டிருந்தபோது புருஷோத்தமன் சார் அண்ணியிடம் வந்தார். "நெஜமா உன் போன்லயாம்மா வந்துது?"

"ஆமா சார்."

அவர் தன் போனை எடுத்தார். ஏதோ அடித்தார். பிறகு கட்டை விரலால் ஒரே இடத்தில் தட்டினார், தட்டிக்கொண்டே இருந்தார். படித்தார். அவர் முகம் சுருங்கிப்போனது. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எங்கேயோ பார்த்தபடி கேட்டார். "எல்லாத்தையும் படிச்சிட்டியாம்மா?"

"லாரி வரைக்கும்தான் சார் படிச்சேன்," என்றாள் அண்ணி.

அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.