சுபநேரத்தில் ஊற்றிய புரோமீன்

எங்கள் பாடசாலை அதிபர் வீரசிங்கம் சேருக்கு ஆய்வுகூடம் என்றால் பூஜை அறை. புதுசு கெட்டுவிடுமாம், கட்டி முடித்த நாளிலிருந்து பூட்டுத்தான். லுணுகலைக்கு மேலே இருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பிப்பவள் நான். பரீட்சைக்கு முன்னே என் பிள்ளைகள் ஒரு இரசாயனத் தாக்கத்தையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்கும் திறப்பு விழா வரவேண்டியிருந்தது.

“ரிப்பன் எல்லாரும் வெட்டுறாங்க, நிரஞ்சலா மிஸ். நம்ம பிரதம விருந்தாளி கெமிக்கல் ஊத்தித் திறக்கட்டும்” என்றார் அதிபர். பீனோல் கரைசலில் செம்மஞ்சள் புரோமீன் நீரை விட்டால் வெள்ளை வீழ்படிவு வரும் என்றதும் மனசு குளிர்ந்துபோனார். அடுத்துக் கேட்டதுதான் பெரிய கேள்வி. “அவர் பேசி முடிக்கிற வரைக்கும் கொஞ்சங் கொஞ்சமா வெளுக்க வைக்க ஏலுமா?”

பீனோலின் ஒட்சிசன் இலத்திரன்களைப் பென்சீன் வளையத்துக்குள் தள்ளிக் கொடுக்கும், புரோமீன் வந்த கையோடு ஒட்டிக்கொள்ளும், யார் பேச்சுக்கும் காத்திருக்காது என்றேன். “வெறும் பென்சீன்னா ஊக்கி போட்டாத்தான் அசையும் சேர். புரோமீன் வளையத்துல ஏறுற முதல் படி அவ்வளவு மந்தம். எந்தப் படி மந்தமோ அதுதான் முழு வேலையோட வேகம்.” தன்னைத்தான் சொல்கிறேன் என்று அவருக்கு உறைக்கவேயில்லை. பெரிதாகத் தலையை ஆட்டினார்.

விழா நாளில் சுபநேரம் வந்தது, விருந்தாளி வரவில்லை. பதுளையில் வேறொரு விழாவில் மாலையோடு உட்கார்ந்திருந்தாராம். நேரம் தப்பினால் கட்டடத்துக்கே ஆகாது என்று அதிபர் பதறினார். “நீங்களே ஊத்திருங்க மிஸ்!” என்னிடம் இருந்தது ஒரு சிநேகிதியிடம் கெஞ்சி வாங்கிய ஒரே குப்பி புரோமீன் நீர். வெற்றிலைத் தட்டோடு நின்ற பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டு ஊற்றினேன். செம்மஞ்சள் போய், சட்டென்று வெள்ளை திரண்டது. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு கார் வந்தது. புரோமீன் தீர்ந்துவிட்டது என்றேன். அதிபருக்குக் கூச்சமே இல்லை. தேத்தண்ணிக்கு வைத்திருந்த டின் பாலைக் கரைத்துக் குப்பியில் நிரப்பினார். விருந்தாளி அதைத் தண்ணீரில் கவிழ்த்தார். வெள்ளை! கைதட்டல், போட்டோ, மலையகத்துக்கு விஞ்ஞானம் வந்துவிட்டது என்று ஒரு பேச்சு. அவர் போனதும் பூட்டு மறுபடி விழுந்தது.

கலாராணி என்னைத் தேடி வந்தாள். வகுப்பிலேயே கெட்டிக்காரி என்பதால் அவளைத்தான் வாசல் கேட்டில் மாலையோடு நிறுத்தியிருந்தார்கள். விருந்தாளியோடுதான் உள்ளே வந்தாள்.

“மிஸ், புரோமீன் நீர் செம்மஞ்சள்னு பிழையா பாடமாக்கிட்டேன். வெள்ளைன்னு திருத்தி எழுதிட்டேன்.”

“அது டின் பால், பிள்ள.”

அவள் சிரிக்கவில்லை. “அப்ப நெசமானத எப்ப காட்டுவீங்க?”

காட்ட என்னிடம் ஒரு சொட்டுக்கூட இல்லை. ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்தது.