நீலப் பசை

அட்டையில் மணல் நிற்கவே இல்லை. லூயிசா 'ம' எழுத்தைப் பெரிதாக வெட்டி ஒவ்வொரு குழந்தைக்கும் கொடுத்திருந்தாள். அதன்மேல் பசை தடவி, மணலைத் தூவி, காய்ந்ததும் விரலால் வரைந்துகொண்டே 'ம்... ம... மணல்' என்று சொல்ல வேண்டும். முந்தின நாள் பஞ்சு ஒட்டிச் செய்த 'ப'வும் இப்படித்தான் உதிர்ந்து போயிருந்தது.

பசையைச் சரியாகக் காய்ச்சவில்லையோ என்று சட்டியைப் பார்க்கத் திரும்பினாள். பட்டினப்பாக்கத்துக் குப்பத்திலிருந்து வரும் நாலு வயசுத் தேவானை தன் அட்டையை நாக்கால் வழித்துக்கொண்டிருந்தாள். உதட்டோரமெல்லாம் மணல். மூக்கில் ஒழுகிய சளியும் பசையோடு சேர்ந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது.

லூயிசாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பசை எந்த மாவில் காய்ச்சியது என்று அவளுக்குத் தெரியும். உலக யுத்தத்தில் அரிசி கிடைக்காமல் ஊரே தவித்த சமயம். பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றச் சொல்லி யாரோ புண்ணியவான்கள் அந்தச் சாந்தோம் பள்ளிக்கூடத்துக்குக் கோதுமை மாவு அனுப்பியிருந்தார்கள். பள்ளியை நடத்திய காஸ்பர் மூட்டைகளைத் தன் வீட்டு அறையில் வைத்துப் பூட்டிக்கொண்டார். அதில் ஒன்று புழுத்து நாறியதும், "பசைக்கு ஆகும்" என்று வகுப்புக்குத் தள்ளிவிட்டார். காலையில் மூக்கைப் பொத்திக்கொண்டு வண்டையும் புழுவையும் சலித்தவள் லூயிசாதான்.

"சீ, துப்பு! துப்புடி!"

தேவானை வாயை இறுக மூடிக்கொண்டு விழுங்கினாள். "கொஞ்சூண்டுதான் டீச்சர். உப்பே இல்ல."

லூயிசா சுற்றிலும் பார்த்தாள். எல்லா வாயும் வெள்ளையாக இருந்தது.

இடைவேளையில் காஸ்பர் வீட்டுக்குப் போனாள். அவர் ரொட்டியைக் கறிக்குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரொட்டி எந்த மூட்டை மாவு என்று கேட்க வேண்டியதில்லை.

"சார், பிள்ளைங்க பசையைத் தின்னுதுங்க. பசி சார். நல்ல மாவுல கொஞ்சம் எடுத்துக் கஞ்சி..."

"சாப்பிடற நேரத்துல வந்து என்ன பேச்சு இது!" என்று முகத்தைச் சுளித்தார் காஸ்பர். "வெள்ளிக்கிழமை பெரிய மனுஷங்க வகுப்பைப் பார்க்க வராங்க. அட்டை எல்லாம் பளிச்சுன்னு இருக்கணும். பசையில மயில்துத்தம் போடு. புஸ்தகம் பைண்டு பண்றவங்க போடறதுதான். பூச்சியும் வராது, இதுங்களும் வாய் வைக்காது."

"அது விஷம் சார்."

"ஒருதரம் வாந்தி எடுத்தா அப்புறம் தொடாதுங்க."

சொல்லிவிட்டு எலும்பை உறிஞ்சினார். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக நக்கினார். சற்று முன் ஒரு குழந்தையைப் பார்த்துக் குமட்டியதை நினைத்து லூயிசாவுக்கு வெட்கமாக இருந்தது. அருவருப்பு என்றால் என்னவென்று இப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் அவள் பசை காய்ச்சி ஆற வைத்திருந்தாள். அவளை நம்பாமல் காஸ்பரே பொட்டலத்தோடு வந்துவிட்டார். தூளாக்கிய மயில்துத்தத்தைச் சட்டியில் கொட்டி, கரண்டியால் கிளறினார். சாம்பல் நிறப் பசையில் நீலம் சுழன்று சுழன்று பரவியது.

"ஐ! சோக்கா கீது!" என்று குழந்தைகள் ஓடிவந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் தேவானையின் விரல் நீண்டது.

லூயிசா அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். காஸ்பரிடமிருந்து கரண்டியைப் பிடுங்கி, பசை சொட்டச் சொட்ட அவர் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"முதல்ல நீங்க நக்குங்க."

"லூயிசா, உனக்கென்ன பைத்தியமா?"

"நக்குங்க சார். நீங்க நக்கிட்டா பிள்ளைங்களுக்குக் கொடுக்கறேன்."

அவர் பின்வாங்கினார். அவள் விடவில்லை. சுவரில் முதுகு முட்டியதும் அவர் உதடுகள் தாமாக இறுக மூடிக்கொண்டன. அவருடைய வெள்ளைச் சட்டையில் நீலம் சொட்டியது. குழந்தைகள் கைதட்டிச் சிரித்தார்கள். டீச்சர் ஏதோ விளையாட்டுக் காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"சாவி," என்றாள் லூயிசா. "இல்லாட்டி வெள்ளிக்கிழமை வரவங்க முன்னாடியும் இதே கரண்டியை நீட்டுவேன்."

காஸ்பர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் தரையில் போட்டுவிட்டுப் போனார்.

சட்டியைக் குழி தோண்டிப் புதைத்தாள். நல்ல மாவில் கஞ்சி காய்ச்சினாள், உப்புப் போட்டு. தேவானை குடித்துவிட்டுத் தகரக் குவளையை மறுபடி நீட்டினாள்.

வெள்ளிக்கிழமை பெரிய மனுஷர்கள் வந்தார்கள். பிள்ளைகள் ஈரமண்ணை உருட்டித் திரித்து எழுத்துச் செய்து காட்டினார்கள். "ஏழைக் குழந்தைகளுக்குக் கஞ்சியும் ஊற்றுகிறாரே!" என்று காஸ்பருக்கு மாலை போட்டார்கள். அவர் கைகூப்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கஞ்சி நின்றுவிடக் கூடாதே என்று லூயிசா வேலையை விடவில்லை. தினமும் காலையில் அவர் சிரித்துக்கொண்டே, "குட் மார்னிங், டீச்சர்" என்பார். அவளும் பதில் சொல்வாள். சொன்ன பிறகு வாயைக் கொப்பளிக்க வேண்டும்போல் இருக்கும்.