மேற்கு மூலையில் ஒன்பது வகை

“அறிக்கையில எங்க வாப்பா பேரு வரணும்.”

நுஜூத் இதைக் கேட்டபோது உள்ளே வாப்பாவின் உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் ஊற்றும் சத்தம் முற்றம் வரைக்கும் கேட்டது. குடிப்பதற்கே அளந்து மொள்ளும் கிணறு. இன்றைக்கு யாரும் அளக்கவில்லை.

டாக்டர் பாவஸீர் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். தீவைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளில் எத்தனை வகை மீன் இருக்கிறது என்று எண்ண அக்கரையிலுள்ள முகல்லா நகரத்திலிருந்து வந்த குழுவுக்கு அவர்தான் தலைவர். அங்கேயே படிக்கும் நுஜூத் அந்தக் குழுவுக்குக் கணக்கு எழுதுபவள். கால்சட்டை முட்டி வரைக்கும் இன்னும் ஈரம். காலையில் வாப்பாவைப் படகிலிருந்து தூக்கிவந்த நான்கு பேரில் அவரும் ஒருவர்.

“இப்ப பேசற விஷயமாம்மா இது?”

“இப்பதான். நாளைக்கு விடிஞ்சா நீங்க போயிடுவீங்க.”

“காத்து திரும்பிடுச்சுன்னா எங்க கப்பல் கிளம்பாது, நாலு மாசம் இங்கேயே கிடக்கணுமே” என்று இழுத்தார். பிறகு தலையாட்டினார். “சரி, போட்டுடலாம். இடங்களைக் காட்டியவர், கானிம் பின் ஸாலிஹ். பதினொரு இடமும் அவர் காட்டினதுதானே. பன்னெண்டாவதை விட்டுடுவோம். அட்டவணையை மட்டும் ராத்திரிக்குள்ள முடிச்சுத் தர முடியுமா? முடியலன்னா பரவாயில்ல.”

“முடியும்.”

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று அவள் நினைக்கவில்லை. சண்டைக்கென்று சேர்த்துவைத்திருந்த வார்த்தைகள் செலவாகாமல் மிஞ்சிவிட்டன. ஒன்பது நாளாக வாப்பா அவளிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். என் பேரைப் போடச் சொல்லி யாரிடமும் கேட்காதே. ஏன் என்று கேட்டால் எழுந்து வலையைப் பார்க்கப் போய்விடுவார். படித்தவன் முன்னால் குறுகி நிற்கிற பழைய புத்தி என்றுதான் அவள் நினைத்தாள். அதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்லவும் செய்தாள். நேற்றுகூடச் சொன்னாள்.

கபன் துணி சுற்றியபின் பெண்களை உள்ளே விட்டார்கள். முகம் மட்டும் திறந்திருந்தது. கடலுக்குள் பார்க்கும் கண்ணாடி அழுத்திய வளையம் நெற்றியிலும் கன்னத்திலும் அப்படியே இருந்தது. எவ்வளவு தண்ணீர் ஊற்றியும் போகவில்லை. காலையில் பதினொன்றாவது இடத்தில் எண்ணி முடிந்ததும், கடலடியில் கட்டியிருந்த அளவு டேப்பை வாப்பா அவிழ்த்துக்கொண்டு மேலே வந்தார். படகின் விளிம்பைப் பிடித்தார். உள்ளே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த அவளைப் பார்த்து, “கொஞ்சம் இரு” என்றார். அவள் இருந்தாள். வரியை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது விளிம்பில் கை இல்லை.

உம்மா அந்த வளையத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தாள். பிறகு துணியை மூடினாள்.

ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்களுக்குக் கதவு வரைக்கும்தான். கரையில் எல்லாப் படகுகளையும் மேலே இழுத்து, என்ஜின்களைக் கழற்றி மணலில் படுக்கவைத்திருந்தார்கள். கடலில் ஒருவர் இறந்தால் மூன்று நாளைக்கு ஊரில் யாரும் கடலில் கால் நனைப்பதில்லை. வலைகூட அலசுவதில்லை.

நுஜூத் அழவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரி, அவள் காதில் விழட்டும் என்றே சொன்னாள்: “முகல்லாவுல மீனுக்குப் பேரு வைக்கச் சொல்லிக்குடுத்திருக்காங்க. அழச் சொல்லிக்குடுக்கல போல.”

“ஆமா மாமி, அது அடுத்த வருஷப் பாடம்” என்று சொல்லிவிட்டு அவள் அட்டவணைகளை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள்.

ஒவ்வோர் இடத்திலும் ஐம்பது மீட்டர் டேப். அதற்கு இரண்டு பக்கமும் கண்ணில் பட்ட மீனெல்லாம், வகைக்கு ஒரு வரி. கிளிமீனில் ஆண் பச்சை, பெண் சிவப்பு. வாப்பா சொல்லியிருக்காவிட்டால் குழுவில் பட்டம் வாங்கிய மூன்று பேரும் அதை இரண்டு வகையாக எழுதியிருப்பார்கள். எழுபத்துநான்கு வகை. எண்பத்தொன்று. அறுபத்தெட்டு. கூட்டி எழுதிக்கொண்டே வந்தவள் ஏழாவது இடத்தில் நின்றாள்.

மேற்கு மூலை. மணல், உடைந்த பவளம். ஒன்பது வகை.

அந்த இடத்தை எண்ணிய அன்றைக்கு அவள் படகில் இல்லை. உம்மாவுக்குத் தலைசுற்றுகிறது, நீ வீட்டில் இரு என்று வாப்பா நிறுத்திவிட்டார். தலைசுற்றிய உம்மா அன்றைக்கு இரண்டு குடம் தண்ணீர் சுமந்து வந்தாள். குழு சொன்ன எண்ணிக்கையை மறுநாள் நுஜூத் பார்த்து எழுதினாள், வீட்டில் நிறுத்திய கோபத்தில், யோசிக்காமல்.

மேற்கு மூலையில்தான் கலவாப்பார் என்ற பவளப்பாறை இருக்கிறது. அவளுடைய ஆறு வயதில் வாப்பா அவளை முதுகில் தொற்றவைத்து அந்தப் பாறைமேல் நீந்தியிருக்கிறார். கீழே கலவா மீன்கள் தொழுகைக்கு நிற்பதுபோல் தோளோடு தோள் சேர்ந்து, ஒரே பக்கம் பார்த்து நின்றன. ஏழாவது இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வரைபடத்தில் வைத்துப் பார்த்தாள். பாருக்கு அரைக் கிலோமீட்டர் தள்ளி, வெறும் மணல்திட்டு.

அடக்கம் முடிந்து வாப்பாவின் தம்பி தானி வந்தார். குழுவுக்கு ஒன்பது நாளும் படகோட்டியவர் அவர்தான். பின்வாசலில் குனிந்து கையில் இருந்த மண்ணைக் கழுவினார்.

“சாச்சா, ஏழாவது இடம் கலவாப்பார் இல்ல.”

அவர் கழுவிக்கொண்டே இருந்தார்.

“படகை ஓட்டினது நீங்கதானே?”

“நான் ஓட்டினேன். அவர் கை காட்டினார்.”

“வேணும்னே தப்பா காட்டினாரா?”

“பன்னெண்டு வருஷம் முன்னாடி, நீ சின்னப் புள்ளையா இருந்தப்ப, சரியாக் காட்டினாரே, அப்ப என்ன கிடைச்சுது?” தானி நிமிர்ந்தார். “இதே மாதிரி மீன் எண்ண ஒரு கூட்டம் வந்துச்சு. நல்ல மனுஷங்க. நம்மளோட உக்காந்து சாப்பிட்டாங்க. போய், வரைபடம் போட்டு, காட்டினவர் கானிம்னு பேரும் போட்டு புத்தகம் அடிச்சாங்க. அடுத்த வருஷம் ஐஸ்பெட்டி வச்ச கப்பல் ரெண்டு வந்து பார்மேல நின்னுச்சு. ரெண்டே மாசம். துடைச்சுட்டுப் போயிட்டாங்க. கப்பல்காரன் கையில அந்தப் புத்தகம் இருந்துச்சும்மா. கானிம்தான் பாரை வித்துட்டான்னு ஊரே பேசுச்சு. அவரோட ஒரே தட்டுல கைவைக்க ஆளுங்களுக்கு ஒரு வருஷம் ஆச்சு. இப்பதான் நாலு வருஷமா கலவா திரும்ப வந்து கூடுது.”

நுஜூத் அட்டவணையைப் பார்த்தாள். அவர் அவளை உற்றுப் பார்த்தார்.

“பேரைப் போடச் சொல்லிக் கேட்டுட்டியா?”

“கேட்டுட்டேன்.”

“உன்னைப் படிக்க அனுப்பினதுக்கு ரெண்டு ஆடு வாங்கி விட்டிருக்கலாம்.”

“சாச்சா, இவங்க புத்தகம் போட வரல. படகுத்துறை கட்ட இடம் தேடி வந்திருக்காங்க. எங்க மீன் கம்மியோ அங்க கல்லைக் கொட்டுவாங்க. மேற்கு மூலையில கொட்டினா பாரும் சேர்ந்து மூடிப்போயிடும்.”

“யாரு சொன்னா?”

“முதல் நாள் எனக்குக் குடுத்த காகிதத்துல இருந்துச்சு. எண்ணி முடிக்கிற வரைக்கும் ஊர்ல சொல்லாதேன்னார் டாக்டர். சொன்னா உங்களுக்கு வேண்டிய மாதிரி இடம் காட்டுவீங்களாம். நான் சொல்லல.”

“உன் வாப்பாகிட்டயுமா?”

“வாப்பாகிட்டயும்தான்.”

ஒன்பது நாள் ஒரே படகு, ஒரே பானைச் சோறு. அவர் ஒன்றை மறைத்தார், அவள் ஒன்றை மறைத்தாள். இரண்டு பேரும் கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தார்கள். மேற்கு மூலைக்கு எதிரே ஒன்பது என்று எழுதியது அவள் கை. எழுத்து அழகாகவும் இருந்தது.

தானி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். “அங்க மீன் இருக்குன்னு டாக்டர்கிட்ட சொல்லிடேன்” என்றார்.

“சொன்னா எழுத மாட்டார். எண்ணினாத்தான் எழுதுவார். பன்னெண்டாவது வரி காலியா இருக்கு. நான் எண்ணிக் குடுத்தா வாங்கிக்குவார்.”

“அப்ப மூணு நாள் போகட்டும்.”

“மூணு நாள்ல அவங்க முகல்லாவுல இருப்பாங்க.”

“நுஜூத், அவர்மேல போட்ட மண்ணு இன்னும் காயல. ஊருக்கே கடல் மூடிக் கிடக்கு, மக நீ போய் இறங்குவியா? படகு தர மாட்டேன்.”

“நான் கேக்கவே இல்லையே. மூலை வரைக்கும் நடந்து போய் கரையிலேர்ந்து நீந்திக்குவேன்.”

“எழுதினா மறுபடியும் கப்பல் வரும்.”

“வரும். வந்தா கத்தலாம், விரட்டலாம், ஒண்ணும் முடியலன்னா இன்னும் பன்னெண்டு வருஷம் காத்திருக்கலாம். கல்லைக் கொட்டிட்டா எத்தனை வருஷம் காத்திருப்பீங்க?”

அவர் வேறொன்றைத்தான் கேட்டார், குரலை இறக்கி. “கானிம் பொய் சொன்னார்னு ஆகுமேம்மா.”

“ஆகட்டும். ஏழாவது வரியில, இடம் தப்பாகக் காட்டப்பட்டதுன்னுதான் எழுதப் போறேன். ஏன் காட்டினார்னு அதுக்குக் கீழயே எழுதுவேன். பேரோட.”

அவள் கண்ணாடியையும், தண்ணீருக்குள் எழுதும் பிளாஸ்டிக் அட்டையையும் எடுத்தாள். குழுவின் டேப் காலையில் நனைந்தபடியே மூலையில் சுருண்டு கிடந்தது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டபோது உம்மா ஒரு தட்டோடு வாசலில் நின்றாள். யாரோ வீட்டிலிருந்து வந்த சோறு, மேலே காய்ந்த சுறாத் துண்டு. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

“சாப்பிட்டுட்டுப் போ.”

நுஜூத் நின்றபடியே நான்கு வாய் அள்ளித் தின்றாள். உம்மா தட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“அஸர் தொழுகைக்கு அப்புறம் அங்க தண்ணி வெளியே இழுக்கும்” என்றாள் உம்மா. “பாருக்கு உள்பக்கமாவே நில்லு.”

உம்மா வாழ்நாளில் கடலில் இறங்கியதில்லை.

நுஜூத் கையைத் துடைத்துக்கொண்டு முன்வாசல் வழியாகவே வெளியே வந்தாள். சந்தில் பாய் விரித்து, இரண்டு பக்கச் சுவரிலும் சாய்ந்து ஆண்கள் துக்கத்துக்கு உட்கார்ந்திருந்தார்கள். தோளில் கிடந்த டேப்பிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டியது. பேச்சு நின்றது. யாரும் எழுந்திருக்கவில்லை, யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. கடைசியில் உட்கார்ந்திருந்த ஒருவர், தேநீர்க் குவளையைப் பார்த்தபடியே, நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டார். அவள் அந்த இடைவெளி வழியாக நடந்தாள்.