கோல்ஃப் காடிக்கு ஒரு பெல்ட்

செல்லையா அதிகம் பேசுகிற ஆள் இல்லை. தேயிலைத் தோட்டத்து லோரி டிரைவர். வீட்டிலும் கேட்டதற்குத்தான் பதில். அப்படிப்பட்டவன் ஒரு சனிக்கிழமை மத்தியானம் லோரிக்குப் பின்னால் கயிறு கட்டி எதையோ இழுத்துக்கொண்டு லைன் வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே துணி தைத்துக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டி பவளம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து பார்த்தாள்.

முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. சீட்டு கிழிந்து பஞ்சு தொங்கியது. ஸ்டேரிங் இருக்கவேண்டிய இடத்தைக் கொடி சுற்றியிருந்தது.

"என்னங்க இது?"

"கோல்ஃப் காடி. பழைய தொர கோல்ஃப் ஆடப் போறப்ப ஓட்டுவாரே, அந்த வண்டி. புதுத் தொரகிட்ட கேட்டேன், எடுத்துட்டுப் போயி எடத்தக் காலி பண்ணுன்னாரு."

"கோல்ஃப் ஆடப் போறீங்களாக்கும்?"

"ஒனக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அவன் கயிற்றை அவிழ்க்கப் போய்விட்டான்.

பவளம் கிழிந்த சீட்டைத் தொட்டுப் பார்த்தாள். எண்பதாம் வருஷத்து மழைக்காலத்தில் ஒன்பதாம் நம்பர் தேயிலைக் காட்டில், நிறைந்த கூடையோடு சரிவில் சறுக்கி விழுந்தாள். தொடை எலும்பு கூடியது, ஆனால் கால் குட்டையாகிப்போனது. அதோடு கொழுந்து பறிப்பதும் நின்றது. வேலை போனதைவிட, கூட்டத்தோடு மலையில் நின்று பேசுகிற பேச்சு போனதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. லைனுக்குள் நடப்பாள். மேடு மட்டும் ஏற முடியாது. ஒன்பதாம் காட்டை அவள் பார்த்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது.

செல்லையா காடியின் பின்மூடியைத் திறந்தான். பெட்ரோலில் ஓடுகிற சின்ன எஞ்சின். அதற்குள் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. கார்பரேட்டர் துருப்பிடித்துக் கையோடு வந்தது. டயர்கள் வெடித்துக் கிடந்தன. எஞ்சினையும் சக்கரத்தையும் சேர்க்கிற பெல்ட் இருந்த இடமே காலி.

டவுன் பட்டறைக்காரர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இதுக்கு சாமான் கோலாலம்பூர்லயும் கெடைக்காதுலா!"

அன்று மாலை பவளம் சொன்னாள்: "நீங்க லோரியில போறப்பல்லாம் நானும் வாரேன். நீங்க வாயத் தொறந்து கேக்கமாட்டீங்க. நான் கேக்குறேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. கம்போங் ராஜாவில் ஒரு பழைய இரும்புக் கடைக்குள் புகுந்து, மோட்டார் சைக்கிள் கார்பரேட்டர் ஒன்றைச் சண்டை போட்டு வாங்கினாள். தள்ளுவண்டி டயர் மூன்று கியா பார்ம் சந்தையில் அகப்பட்டன. கோஸ் விற்கும் மணியம்மா அவற்றின் மேல் கூடைகளை அடுக்கி வைத்திருந்தாள். "ஒனக்கில்லாததா? எடுத்துட்டுப் போ" என்று கூடைகளை இறக்கிக் கொடுத்தாள். லோரியின் முன்சீட்டில் உட்கார்ந்து திரும்பும்போது பவளத்துக்குக் கால் வலித்தது. வலித்தால் வலிக்கட்டும் என்றிருந்தது.

பெல்ட்தான் எங்கேயும் அகப்படவில்லை. உள்ளங்கை போல அகலம் வேண்டும், கீழே குறுகியும் இருக்கவேண்டும். வாயால் சொன்னால் கடைக்காரர்களுக்குப் புரியவில்லை. கடைசியில் பவளம் காடியில் பெல்ட் ஓடுகிற கப்பியில் துணியை வைத்து அளவெடுத்தாள். பழைய போர்வையை மடித்து மடித்துத் தைத்து, ஒரு துணி பெல்ட்டே செய்துவிட்டாள். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைகடையாக ஏறி இறங்கினாள்.

திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருந்த சீன முதலாளி ஆ லோய் தவுக்கே, ரோட்டோரத்தில் அவளைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "தங்கச்சி! இது என் பெல்ட்டு மாதிரி இருக்கே?"

அவர் தோட்டத்தில், தகரக் கொட்டகைக்குள், அதே மாதிரி எஞ்சின் ஒன்று ஆற்றுத் தண்ணீரை மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. எப்போதோ உடைத்துப்போட்ட இன்னொரு கோல்ஃப் காடியின் எஞ்சின். அதே அகல பெல்ட். பவளத்துக்கு அதைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"குடுக்க முடியாதுலா" என்றார் ஆ லோய். "இத கழட்டினா என் பூவெல்லாம் செத்துடும்."

பவளம் எதுவும் சொல்வதற்குள் செல்லையா பேச ஆரம்பித்தான். "தவுக்கே, ஒங்க பம்பு ஒரே வேகத்துல ஓடுது. அதுக்கு இந்த பெல்ட்டு வேணாம். எங்க காடி மேடு ஏறணும். வேகம் மாற மாற கப்பி விரியும், சுருங்கும். அதுக்குத்தான் இம்புட்டு அகலம். ஒங்களுக்கு சாதா பெல்ட்டு, ரெண்டு கப்பி, நானே போட்டுத் தாரேன். தண்ணி கொறஞ்சா இத திருப்பி மாட்டிட்டுப் போறேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் இவ்வளவு நேரம் பேசி அவள் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தேயிலை பேக்டரியில் கழித்துப்போட்ட கப்பிகளை ஆபீஸ் கிராணியிடம் கேட்டு வாங்கி, செல்லையா கொண்டுபோய் மாட்டினான். குழாயில் தண்ணீர் முன்னைவிட வேகமாகப் பீய்ச்சியது. ஆ லோய் நனைந்துகொண்டே சிரித்தார். பெல்ட்டோடு, கை கொள்ளாத மஞ்சள் செவ்வந்தியையும் பவளத்திடம் கொடுத்து அனுப்பினார்.

காடி தயாரான அன்று லைனே கூடிவிட்டது. செல்லையா ஏறப்போனான்.

"யாருக்குன்னு சொன்னீங்க? நகருங்க" என்று பவளம் ஏறி உட்கார்ந்தாள்.

மிதியில் காலை வைத்ததும் எஞ்சின் டுக்குடுக்கென்று பிடித்தது. காடி புறப்பட்டது, பின்பக்கமாக! பக்கத்து வீட்டு இராசம்மாவின் கீரைப் பாத்தியை மிதித்துக்கொண்டு போய், கோழிக்கூண்டில் இடித்து நின்றது. கோழிகள் எட்டுத் திசைக்கும் பறந்தன.

"ஐயோ, என் கீரை!" என்று கத்தினாள் இராசம்மா.

பவளம் சீட்டில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்து இராசம்மாவும் சிரித்துவிட்டாள்.

ஓடி வந்த செல்லையா வயரைத் தடவிப் பார்த்தான். "ஸ்டார்ட்டர் வயர மாத்திக் குடுத்துட்டேன். இந்த எஞ்சினு ரெண்டு பக்கமும் சுத்தும். இப்பப் போனதுதான் ரிவர்ஸு."

திங்கட்கிழமை காலை, பனி விலகும்போது, பவளம் தனியாக ஒன்பதாம் காட்டுக்கு ஏறினாள். கடைசி வளைவில் எஞ்சின் முனகியது. அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். திரும்பியதும் பச்சைச் சரிவு முழுக்கத் தலைத்துண்டுகளும் கூடைகளும்.

"அடியே, பவளம்டி!" என்று முதலில் கத்தியது வேலம்மா. நிரைகளைவிட்டு எல்லாரும் ஓடிவந்தார்கள். கங்காணி சின்னக்கருப்பன் திட்டுவதற்கு வாயைத் திறந்து, என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார். நாலு பேர் ஒரேயடியாக ஏறினார்கள். காடி அசையவில்லை. இறங்கித் தள்ளினார்கள். தள்ளியபடியே ரெண்டு வருஷத்துக் கதையையும் சொல்ல ஆரம்பித்தார்கள்.

"நாளைக்கி வாரப்ப எல்லாருக்கும் தேத்தண்ணி கொண்டாந்துரு, பவளம்" என்றார் கங்காணி. "காடியிலதான வர்ற?"

கொழுந்து நிறுத்து முடியும்வரை அவள் இருந்தாள். கொழுந்து ஏற்றிய லோரியும் அவளோடு சேர்ந்துதான் இறங்கியது. ஒற்றை ரோடு. முன்னால் கோல்ஃப் காடி மெதுவாக, வளைவுக்கு வளைவு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டு போயிற்று. செல்லையா ரெண்டு தடவை ஹார்ன் அடித்தான்.

பவளம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை மட்டும் வெளியே நீட்டி ஆட்டினாள்.

"அவசரமா இருந்தா பறந்து போங்க!"