சம்பந்தியின் உச்சரிப்பு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து வந்தது. இதில் வரும் மகள் நான்தான். ஆனால் 'நான்' என்று எழுத ஆரம்பித்தால் என் பக்கத்து நியாயங்கள் எல்லாம் முண்டியடித்துக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. அதனால் அவளை 'மகள்' என்றே எழுதப்போகிறேன். தள்ளி நிறுத்தினால் திட்டுவதற்கும் வசதி.

கதை அவளுடையது இல்லை, அவள் அப்பாவுடையது. மூன்று விதமாக ஆரம்பித்துப் பார்த்தேன்.

அறுபத்து மூன்றாவது வயதில் அவர் இத்தாலிய மொழி கற்றுக்கொள்ள முடிவெடுத்தபோது

(அடித்துவிட்டேன். அவர் மொழியைக் கற்றுக்கொள்ளவில்லை, உச்சரிப்பை மட்டும்தான் கற்றுக்கொண்டார். வந்த வினையெல்லாம் அதனால்தான்.)

ஜன்னல் வழியே வந்த வெயிலில் பிளாஸ்டர் தூள் மெல்ல

(இப்படி ஆரம்பிக்கும் கதைகளை நானே மூடி வைத்துவிடுவேன்.)

சம்பந்திக்கும் சம்பந்திக்கும் என்ன சம்பந்தம்?

(இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ ஜோக் அடிக்கறப்பல்லாம் எதையோ மறைக்கறம்மா" என்றார். இதையும் விட்டுவிட்டேன்.)

2

அக்கம்பக்கத்தில் அவரைப் பல் செட்காரர் என்றுதான் சொல்வார்கள். டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, செட் செய்து கொடுப்பது தொழில். பட்டறை வீட்டு மாடியிலேயே. வேலைமேஜை, அதன் மேல் வளைகிற விளக்கு, சுவர் நீளத்துக்கு அலமாரி, அதில் வரிசையாக ஊர்க்காரர்களின் வாய்கள். முப்பத்தைந்து வருடமாக மனிதர்களை வாய் வழியாகவே பழகியவர். புது ஆளை அறிமுகப்படுத்தினால் முகத்தைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். மகள் சின்ன வயதில் இதற்காக வெட்கப்பட்டிருக்கிறாள்.

மகள் ஓர் இத்தாலியரைக் கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளையின் அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணத்துக்கு எல்லோரும் தங்கியிருந்த ஹோட்டலில் லிஃப்ட் நின்றுபோனது. சம்பந்தி கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே தலையை விட்டார். கோட்டையும் டார்ச்சையும் பிடித்துக்கொண்டு நின்றவர் பல் செட்காரர். அரை மணி நேரம் கழித்து இரண்டு பேரும் கிரீஸ் கையோடு வந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். ஒருவர் பேச்சு ஒருவருக்குத் தெரியாது. ஆனால் பிரிக்க முடியாத சிநேகிதம் ஆகிவிட்டது.

இரண்டு பேரும் மனைவியை இழந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் சம்பந்தியிடமிருந்து இவருக்கும் மகளுக்கும் சேர்த்தே போனில் குரல் செய்தி வரும். மகள் தமிழில் சொல்லுவாள். இவர் தமிழில் பதில் சொல்லுவார். மகள் இத்தாலியனில் பேசி அனுப்புவாள். எந்தப் பசை நன்றாக ஒட்டும், யாருக்கு எந்த முழங்கால் வலி, ஊரில் மழையா வெயிலா. இதைத் தவிர அவர்கள் பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆறு வருடம் பேசினார்கள்.

(நம் 'சம்பந்தி'க்கு மற்ற மொழிகளில் சொல் கிடையாது என்று பெருமை பேசுவோம். இத்தாலியனில் இருக்கிறது: கொன்சுவோச்செரோ. ஆனால் பிள்ளைகள் விவாகரத்து செய்துகொண்ட பிறகு அந்த இரண்டு அப்பாக்களும் ஒருவருக்கொருவர் யார் என்பதற்கு எனக்குத் தெரிந்து இரண்டு மொழியிலும் சொல் இல்லை.)

3

விவாகரத்து ஆயிற்று. ஏன் என்று எழுதப்போவதில்லை. அது வேறு கதை, அதில் யாரும் கெட்டவர் இல்லாததால் சுவாரசியமும் இல்லை.

மகள் இரண்டு பெட்டிகளோடு அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அந்த வார ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. மிகச் சின்னது. அவள் கேட்டாள். அப்பா எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

"என்னம்மா சொல்றார்?"

"ஒண்ணுமில்லப்பா. உடம்பப் பாத்துக்கங்கன்னு சொல்றார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அப்பா, இனிமே என்னால இந்த மொழிபெயர்க்கற வேலை முடியாது. தப்பா நெனச்சுக்காதீங்க."

"சரிம்மா" என்றார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் போய்வருகிறேன் என்று அர்த்தம், அது தெரியாத ஆள் இல்லை அவர். அன்று சாப்பாட்டில் உப்பு இல்லாததைக்கூடச் சொல்லாமல் சாப்பிட்டார்.

சம்பந்தி உண்மையில் என்ன சொன்னார் என்பதை ஐந்தாம் பகுதியில் எழுதுகிறேன். இன்னும் கை வரவில்லை.

4

மூன்று மாதம் பேசாமல் இருந்தவருக்கு ஒருநாள் ரோஷம் வந்துவிட்டது. ஆறு வருஷம் பழகின மனிதர் மரியாதையாக விடைபெற்றிருக்கிறார், நாம் பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே. மகளைத் தொந்தரவு செய்யக்கூடாது. தானே சொல்ல வேண்டும், அவர் காதுக்குப் புரிகிற மாதிரி.*

(* போனே மொழிபெயர்க்குமே என்று கேட்பீர்கள். சம்பந்தியின் பேச்சு போனுக்குப் புரிவதில்லை. ஒருமுறை முயன்றபோது "வாத்து ஈரமாக இருக்கிறது" என்று எழுதிக் காட்டியது. காரணம் கொஞ்சம் பொறுத்தால் தெரியும்.)

அந்த நேரத்தில் ஒரு டூரிஸ்ட் கைடு வந்து மாட்டினார். இத்தாலியப் பயணிகளைக் கூட்டிக்கொண்டு சுற்றுகிறவர். முன்பல் உடைந்து, புதுப் பல்லுக்கு நிறம் பொருத்திப் பார்க்க டாக்டர் அனுப்பியிருந்தார். பல் செட்காரர் நிறப்பட்டையை அவர் உதட்டோரம் பிடித்துக்கொண்டே, "சார், ஒரு உதவி" என்றார். வாய் திறந்திருக்கிற ஆளால் மாட்டேன் என்று சொல்ல முடியாது.

வாரம் இரண்டு நாள், நாலு மணி டீக்குப் பாடம்.

"'நண்பர்'க்கு என்ன சொல்லணும்?"

"அமிகோ."

பல் செட்காரர் நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டு, எழுதியதைப் படித்தார். கைடு சிரித்தார். "சார், இப்ப நீங்க சொன்னது ஸ்பெயின் பாஷை. நடுவுல வர்ற 'க' நம்ம வாயில கொழகொழன்னு ஆயிடுது பாருங்க. அழுத்திச் சொல்லுங்க."

"அமிக்கோ."

"இப்ப ரெண்டு போட்டுட்டீங்க. அழுத்தமும் வேணும், ஒண்ணாவும் இருக்கணும்."

இரட்டை எழுத்துகளில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. மற்ற வெளிநாட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் மல்லுக்கட்டும் இடத்தில், பத்து, பட்டு, பாட்டு என்று பிறந்ததிலிருந்து சொல்லி வந்த வாய் நின்று விளையாடியது. நடுவில் ஒற்றையாக நிற்கும் அழுத்தமான 'க'தான் உயிரை வாங்கியது. நம் எழுத்தில் அதற்கு அடையாளமும் கிடையாது. பல் கடிபடும் இடத்தைக் குறிக்கிற சிவப்புப் பென்சிலால் அந்த எழுத்துகளின் தலையில் ஒரு புள்ளி வைத்தார். இரண்டு வாரத்தில் நோட்டு முழுக்க அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது.

மற்ற நாட்களில் பழைய குரல் செய்திகளைப் போட்டுப் போட்டுக் கேட்டு, கண்ணாடி முன் நின்று கூடவே சொல்லிப் பழகினார். அவர் தொழில் புத்தி அது. முதலில் அச்சு எடு, பல்லைப் பிறகு வை. அர்த்தம் எங்கே போய்விடப்போகிறது. அந்தக் கடைசிச் செய்தியைக் கைடிடம் போட்டுக் காட்டவும் இல்லை, அதன் அர்த்தம்தான் ஏற்கெனவே தெரியுமே.

ஒருநாள் கைடு டீ கிளாஸைக் கீழே வைத்தார். "சார், இவ்வளவு நல்லா வருது. 'ஸ்' மட்டும் ஏன் விசில் அடிக்குது? அது தப்பு."

பல் செட்காரர் நோட்டை மூடி வைத்தார். பிறகு, "அது அவரோட கீழ் செட்டு. லூஸா இருக்கு. எவனோ அவசரத்துல செஞ்சு குடுத்திருக்கான். ஆறு வருஷமா சொல்லணும்னு நெனச்சேன். சம்பந்திகிட்டப் போய் உங்க பல் செட்டு சரியில்லன்னு எப்படி சார் சொல்றது?"

"சரி, உங்களுக்குப் பல்லு சொந்தப் பல்லுதானே. நாக்கை இப்படி வெச்சா விசில் போயிடும்."

"வேண்டாம் சார். இருக்கட்டும்."

(அப்பா நேற்று இதுவரை படித்தார். "'லூஸு'ன்னு நான் சொல்லல. பிடிமானம் இல்லன்னு சொன்னேன்" என்றார். மாற்ற மாட்டேன் என்றேன். "கைடு டீயைக் கீழ வைக்கவே இல்ல. கையிலயேதான் வெச்சிருந்தார்" என்றார். இருக்கட்டும் என்றேன்.)

5

போன புதன்கிழமை, மத்தியானம். மகள் அப்பாவுக்கு டீ எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். பட்டறைக் கதவு பாதி திறந்திருந்தது. அவர் கண்ணாடி முன் நின்று ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பத் திரும்ப, மிகச் சுத்தமாக, விசிலோடு அச்சு அசலாக அந்த மனிதரின் குரலில்.

மி க்யாமெராய் அங்கோரா, லா தொமெனிகா? தேய் மியேய், செய் ரிமாஸ்தோ தூ.

அவள் அமுக்கி வைத்த செய்தி அது. அதன் அர்த்தம் இதுதான்: ஞாயிற்றுக்கிழமைகளில் இனியும் என்னோடு பேசுவீர்களா? எனக்கென்று மிச்சமிருப்பது நீங்கள்தான்.

அவள் ஏன் மறைத்தாள்? இந்த இடத்தில் நாலு பக்கம் எழுதிக் கிழித்துப்போட்டேன். வெட்கம், அவ்வளவுதான். கல்யாணத்தை முறித்ததில் இரண்டு கிழவர்களின் ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்து முறிகிறது என்று ஒரு குரல் வந்து சொன்னபோது அவளால் அதைத் தமிழில் சொல்ல வாய் வரவில்லை.

"எப்படிம்மா இருக்கு? 'உடம்பப் பாத்துக்கங்க'. இந்த ஞாயித்துக்கிழமை பேசி அனுப்பலாம்னு இருக்கேன்" என்றார் அப்பா. முகத்தில் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய களை.

6

இந்த இடத்தில் கதை மூன்று பக்கமாகப் போகலாம்.

அ. மகள் வாயைத் திறக்காமல் இருந்துவிடுகிறாள். அப்பா அனுப்புகிறார். அங்கே அந்த மனிதருக்கு அவர் கேள்வியே, அவர் விசிலோடு, அவருக்குத் திரும்பி வருகிறது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் தப்பித்துவிடுகிறாள். அவள் தப்பிக்கக்கூடாது என்று நினைக்கிறேன்.

ஆ. அதே நாட்களில் சம்பந்தி அங்கே ரகசியமாகத் தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போனை எடுக்க

(வேண்டாம். சினிமாக்காரர்கள் யாராவது கேட்டால் கொடுத்துவிடுகிறேன்.)

இ. மகள் சொல்லிவிடுகிறாள்.

நடந்தது இதுதான். டீயை மேஜையில் வைத்தாள். "அப்பா, அதுக்கு அர்த்தம் உடம்பப் பாத்துக்கங்க இல்ல" என்று ஆரம்பித்து, நின்று, முடித்தாள். அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அது வந்து எத்தனை மாசம் ஆச்சு?"

"நாலு மாசம்பா."

"நாலு மாசமா பதிலுக்குக் காத்துட்டிருக்கார்" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, டீ ஆறிவிட்டது என்று சொல்லி அதைக் குடித்தார். மகள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். அவர் எழுந்து வந்து தலையில் கை வைத்தார். கையில் பிளாஸ்டர். அன்று சாயங்காலம்வரை அவள் தலையைக் கழுவவில்லை.

"நான் பேசறேன்பா இப்பவே. நான் சொல்லி மன்னிப்பு கேக்கறேன்" என்றாள்.

"நீ அப்புறம் கேளு. மொதல்ல நான் பேசணும். ஞாயித்துக்கிழமைதானே கேட்டார், ஞாயித்துக்கிழமையே பேசறேன்."

7

இன்று ஞாயிற்றுக்கிழமை. இனி 'மகள்' என்று எழுத முடியவில்லை. பட்டறைக்கு வெளியே மாடிப்படியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

நான்கு நாளாக அப்பாவும் கைடும் கதவைச் சாத்திக்கொண்டு பழகினார்கள். என்ன வாக்கியம் என்று என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்டேன். "உன்கிட்ட எதுக்கும்மா?" என்றார், கோபமே இல்லாமல். குரல் செய்தி வேண்டாமாம். நேரே கூப்பிடப்போகிறாராம். அவர் பதிலுக்கு ஏதாவது சொன்னால் உங்களுக்குப் புரியாதே, நான் கூட இருக்கட்டுமா என்றேன். "புரியாட்டி இன்னொரு தடவை சொல்லச் சொல்றேன். அதையும் கத்துக்கிட்டேன்" என்றார். பிறகு சட்டை மாற்றிக்கொண்டார். முகம் தெரியாத போனுக்கு எதற்குச் சட்டை என்று நான் கேட்கவில்லை.

இப்போது உள்ளே மணி போகிறது. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார். ஐந்து தடவை அடித்தது, ஆறு. எடுத்துவிட்டார்கள்.

முதல் சொல் காதில் விழுந்தது. அது எந்தச் சொல் என்று எழுத மாட்டேன். ஆறு வருடமாக அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் சொன்னது என் வாய் வழியாகத்தான் மற்றவருக்குப் போயிற்று. என்னைத் தாண்டாமல் ஒரு வார்த்தைகூடப் போனதில்லை. அதனால் இந்தக் கதைக்கு முடிவு எழுதும் தகுதி உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் இல்லை.

நோட்டை இந்தப் படியில் வைத்துவிட்டுத் தெருவுக்கு இறங்கிப் போகிறேன். நீங்கள் வேண்டுமானால் கதவருகே நில்லுங்கள். உங்களுக்கு இத்தாலியன் தெரியாது என்றால் இன்னும் நல்லது. செருப்பை மட்டும் கழற்றிவிட்டுப் போங்கள், சத்தம் கேட்டால் அப்பா நான்தான் என்று நினைத்துப் பேச்சை நிறுத்திவிடுவார்.