நகோயாவில் இறங்கியது யார்?

ஊரப்பாக்கம் காலனியில் ஜோதிலட்சுமிக்குப் புதுப்பெயர் வந்துவிட்டது: நகோயா அக்கா. கீரை விற்கிறவள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறாள். பெயர் வைத்த புண்ணியவான் வேறு யாருமில்லை, அவளுக்குத் தாலி கட்டிய லோகநாதன்தான்.

2006இல் ஜப்பானில் வேலை பார்க்கும் மகன் இளமாறன் இருவரையும் அழைத்துப்போய் ஊர் காட்டி அனுப்பினான். திரும்பி வந்த நாளிலிருந்து லோகநாதனுக்குக் காலனியில் ஒரே பேச்சு.

"புல்லட் ரயிலு நகோயான்னு ஒரு ஸ்டேஷன்ல நின்னுது. காபி வாங்கறேன்னு இவ எறங்கிட்டா. கதவு மூடிக்கிச்சு, வண்டி போயிகினே கீது! அப்பால நான்தான் கண்டுபுடிச்சி இட்டாந்தேன். இல்லாங்காட்டி இந்நேரம் ஜப்பான்காரி ஆயிருப்பா."

நடந்தது அப்படியே தலைகீழ்.

லோகநாதன் பம்மலில் பிறந்து, தாம்பரம் பிளாட்பாரத்தில் வளர்ந்த ஆள். டெலிபோன் இலாகாவில் இருந்த காலமெல்லாம் நின்றுகொண்டிருக்கிற மின்சார ரயிலில் அவர் ஏறியதே கிடையாது. அது கிளம்ப வேண்டும், இவர் ஓட வேண்டும். வெளியூர்ப் பயணம் என்றால் கேட்கவே வேண்டாம். விழுப்புரத்தில் டீக்கு இறங்குவார், விருத்தாசலத்தில் வடைக்கு இறங்குவார். வண்டி நகர்ந்து, ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்து ஜோதிலட்சுமி கத்தித் தீர்த்த பிறகு, எங்கோ ஒரு பெட்டியில் தொற்றிக்கொண்டு ஆடி அசைந்து வந்து உட்காருவார். கல்யாணமான நாளாக ஒவ்வொரு பயணத்திலும் அவள் வயிற்றில் புளியைக் கரைத்த மனுஷன்.

டோக்கியோவில் ஏற்றிவிடும்போதே மகன் சொன்னான், "அப்பா, கியோட்டோ வர்ற வரைக்கும் சீட்டை விட்டு எழுந்திருக்காதீங்க. நடுவுல ஒரு நிமிஷம்தான் நிக்கும்."

"எனக்கே ரயிலு கத்துத் தர்றியா?" என்றார் அப்பா. நகோயாவில் இறங்கினார்.

கதவு மூடியது. தொற்றிக்கொள்ள ஒரு கம்பி வேண்டாமா? எண்ணெய் தடவிய விலாங்கு மாதிரி வண்டி நழுவியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் ஓடினார், கையை ஆட்டினார், பிறகு காணாமல் போனார். ஜோதிலட்சுமிக்குப் பயம்தான். பொய் சொல்வானேன், அந்தப் பயத்துக்குள் ஒரு பொல்லாத சந்தோஷமும் இருந்தது. கியோட்டோவில் பெட்டிகளை இறக்கி, பெஞ்சில் உட்கார்ந்து, கட்டிவந்த புளிசாதத்தை நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

அடுத்த வண்டியில் அவர் வந்தார். வெள்ளைக் கையுறை போட்ட ரயில்வேப் பெண் ஒருத்தி, குழந்தையை இறக்குகிற மாதிரி கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். அழுது அழுது கண் இடுங்கிப் போயிருந்தது. நகோயாவில் பட்ட பாட்டையெல்லாம் விக்கி விக்கி அவரே சொன்னார். சொல்லி முடித்ததும் அவள் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார்.

"நான் எறங்கினேன்னு ஊர்ல ஒர்த்தர்கிட்டயும் சொல்லக்கூடாது. எம்மேல சத்தியம் பண்ணு."

பண்ணினாள். அந்தச் சத்தியத்தின் தைரியத்தில்தான் மனிதர் கதையைத் திருப்பிப் போட்டுவிட்டார். போகட்டும், பேர்தானே என்று அவளும் பொறுத்துக்கொண்டாள். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காலனித் தோழி புஷ்பலதா வீட்டில் அடிமடியிலேயே கை வைத்தார்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை காலனிப் பெண்கள் மட்டும் ரயிலில் ஊர் சுற்றப் போவார்கள். தலைவி ஜோதிலட்சுமிதான். இந்த முறை தாம்பரத்தில் ஏறிக் கன்னியாகுமரி. அதைப் பேசத்தான் கூடியிருந்தார்கள். பஜ்ஜி வாசனைக்கு லோகநாதனும் கூடவே வந்திருந்தார்.

புஷ்பலதா இழுத்தாள். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வாட்டி லோகு சாரும் துணைக்கு வரட்டுமே. நீங்க பாட்டுக்கு வழியில எங்கயாவது இறங்கிட்டீங்கன்னா?"

"நான் கீறேன் இல்ல? இன்னா பயம்?" என்றார் லோகநாதன், இரண்டாவது பஜ்ஜியை எடுத்துக்கொண்டு.

ஜோதிலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருஷத்தில் அவள் ரயிலில் கண்ணை மூடித் தூங்குவது இந்த ஒரு பயணத்தில்தான். அதிலும் இந்த மனுஷன் வந்து விழுப்புரத்தில் இறங்குவதா? உண்மையைப் போட்டு உடைக்கலாம். ஆனால் தலைமேல் அடித்த சத்தியம். அவருக்கு ஒன்று ஆகிவிட்டால்? என்ன இருந்தாலும் புருஷனாயிற்றே.

"புஷ்பா சொல்றதும் நியாயம்தான்," என்றாள் நிதானமாக. "நகோயால நான் பட்ட பாட்டை நீங்க யாரும் முழுசா கேக்கலையே."

"சொல்லு ஜோதி, சொல்லு," என்றார் லோகநாதன் பெருந்தன்மையாக.

"வண்டி கிளம்பினதும் கூடவே ஓடினேன். 'யாராவது சங்கிலிய இழுங்கடா'ன்னு தமிழ்லயே கத்தினேன். ஜப்பான்காரங்க பாவம், குனிஞ்சி குனிஞ்சி வணக்கம் வெச்சாங்க."

பெண்கள் சிரித்தார்கள். லோகநாதனின் வாயில் பஜ்ஜி அப்படியே நின்றது.

"அப்புறம் பிளாட்பாரத்துல சப்பணம் போட்டு ஒக்காந்து ஓன்னு அழுதேன். ரயில்வேப் பொண்ணு ஒண்ணு ஓடி வந்து கைக்குட்டையால தொடைச்சி விட்டுது. தொடைக்கத் தொடைக்க நிக்கவே இல்ல. மீசையெல்லாம் நனைஞ்சி தொப்பலா போச்சு."

எல்லாருடைய கண்ணும் ஜோதிலட்சுமியின் உதட்டுக்கு மேலே போய்ப் பார்த்தது. பிறகு மெல்லத் திரும்பி லோகநாதனின் கத்தை மீசையில் வந்து நின்றது.

"யாரு மீசை, அக்கா?" என்றாள் புஷ்பலதா.

"அதை மட்டும் கேக்காதே. சத்தியம் பண்ணியிருக்கேன்."

சிரிப்புச் சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். லோகநாதன் உள்ளங்கையால் மீசையை மூடிக்கொண்டு, "எனக்கு அந்த வாரம் வேலை கீது," என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் லோகநாதன் பொறுக்க முடியாமல் கேட்டார், "என் தலைமேல பண்ண சத்தியத்தை மீறிட்டியே ஜோதி?"

"எங்க மீறினேன்? எறங்கினது நான்னுதானே சொன்னேன்?"